மருந்துக்காரர் வீட்டில் எறும்பு

தெருவில் அவரை மருந்துக்காரர் என்றால்தான் தெரியும். நோய் தீர்க்கிற மருந்து இல்லை. கரப்பான், மூட்டைப்பூச்சி, கரையான், எறும்பு இவற்றைத் தீர்த்துக்கட்டுகிற மருந்து. முதுகில் தொட்டி, முகத்தில் மூடி, கையில் நீளக் குழல் என்று அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வீட்டுக்காரர்கள் வெளியே போக வேண்டும். அதற்கப்புறம் பூச்சிகள் போக வேண்டும்; அவை போகிற இடம் வேறு. வேலை முடிந்ததும் படியில் நின்று ஒரு பேச்சு பேசுவார். அதைப் பேசாமல் எந்த வீட்டை விட்டும் அவர் கிளம்பியதில்லை.

"துடைக்காதீங்க. மருந்து சுவரோரமா அப்படியே கிடக்கணும். நான் மறுபடி வர்ற வரைக்கும் ஈரத்துணி அந்தப் பக்கம் போகக் கூடாது. புரிஞ்சுதா?"

எல்லோருக்கும் புரியும். அவர் தெருமுனை திரும்புவதற்குள் எல்லோரும் துடைத்தும் விடுவார்கள். பிறகு பூச்சி போகவில்லை என்று அவரையே கூப்பிட்டுச் சண்டை போடுவார்கள். அதனால் மனித குலத்தைப் பற்றி அவருக்கு ஒரே ஓர் அபிப்பிராயம்தான் இருந்தது: சொன்னதைச் சொன்னபடி செய்யத் தெரியாத சனங்கள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதைச் சொல்வார். சொன்னபடி நடக்கிற ஒரே மனுஷன் நீங்கதான், கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டுக்க வேண்டியதுதான் பாக்கி என்று மனைவி தட்டை அவர் பக்கம் நகர்த்துவாள்.

கழுத்தில் கட்டி இருப்பது சவரம் செய்யும்போது தெரிந்தது. வலிக்காத ஒன்றை யாரிடம் போய்க் காட்டுவது என்று அவர் சும்மா இருந்தார். மனைவி ஒருநாள் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கே இழுத்துக்கொண்டு போனாள். ஒரு சின்னத் துண்டை வெட்டியெடுத்துச் சோதித்துவிட்டு, நெறிக்கட்டிகளில் வருகிற புற்றுநோய் என்றார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். வேகமாகப் பேசுவாள், ஆனால் முக்கியமான இடம் வந்தால் நிறுத்திக்கொண்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பாள். இந்த வகைப் புற்று மருந்துக்கு நன்றாகவே மடங்கும் என்றாள். பிறகு நிறுத்தி, மருந்துக்காரரை விட்டுவிட்டு அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னாள்.

"அளவு குறையாம, நாள் தள்ளிப் போகாம முழுசா போட்டு முடிச்சுட்டா பெரும்பாலும் திரும்பி வராதும்மா. அந்த ரெண்டுல எதை விட்டாலும் அப்புறம் என்னால உறுதி சொல்ல முடியாது."

மனைவி அந்த வாக்கியத்தை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டாள். அளவு குறையக் கூடாது, நாள் தள்ளக் கூடாது. அன்றிலிருந்து அவளுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை என்றே சொல்லலாம்.

அவர் காதில் விழுந்தது வேறு. இந்த மருந்துக்குக் கண் கிடையாது என்று டாக்டர் விளக்கினாள். எந்த உயிரணு வேகமாகப் பெருகுகிறதோ அதை அடிக்கும். புற்று வேகமாகப் பெருகுகிறது, அதனால் அடி வாங்குகிறது. ஆனால் முடியின் வேரும் அப்படித்தான், வாயின் உள்தோலும் அப்படித்தான். எல்லாவற்றையும் விட, எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறதே, ரத்தம் பிறக்கிற இடம், அங்கே ஓயாமல் பிரசவம். கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களுக்கு ஆயுசு கொஞ்சம். அதனால் அவை புதிது புதிதாகப் பிறந்துகொண்டே இருக்க வேண்டும். மருந்து அந்தப் பிரசவ அறைக்குள் புகுந்து அடித்துவிட்டால், இருக்கிற அணுக்கள் செத்த பிறகு கொஞ்ச காலம் காவலுக்கு ஆளே இருக்காது. அப்போது காய்ச்சல் வந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, ஓடி வர வேண்டும்.

மருந்துக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒரே தொழிலில் இருக்கிற இன்னொருவர் பேசுவதைக் கேட்கிற ஆட்டல். வெளியே வந்ததும் மனைவியிடம், பரவாயில்லை, விஷயம் தெரிந்த பெண்தான் என்று சான்றிதழ் கொடுத்தார். தன் மருந்தும் அப்படித்தான், கரப்பானை அடிக்கும்போது பல்லியையும் சேர்த்துத்தான் அடிக்கும் என்றார்.

"பல்லிக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதானே எல்லா வீட்லயும் சொல்வீங்க?"

"வெளியில அப்படித்தான் சொல்லணும்."

மருந்து ஏற்றுகிற கூடம் நீளமானது. சாய்வு நாற்காலிகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பி, கம்பியில் தொங்கும் பை, சுவரில் சத்தமில்லாமல் ஓடும் டிவி. கையில் ஊசி குத்த வந்த நர்ஸைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டியது. ஒரு காலத்தில் அவள் வீட்டு அடுக்களைக்கு மருந்து அடித்திருக்கிறார். துடைக்காதே என்று சொல்லிவிட்டு வந்தும் துடைத்தவள். மறுபடி அடித்தார், மறுபடி துடைத்தாள். கடைசியில் உன் வீட்டுக் கரப்பானுக்கு நீயே சோறு போட்டு வளர்த்துக்கொள் என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவளுக்கும் ஞாபகம் இருந்தது. நரம்பைத் தட்டித் தேடிக்கொண்டே, "வாங்க ஐயா. இந்தத் தடவை நான் அடிக்கிறேன், நீங்க துடைக்காம இருங்க" என்றாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கூடச் சிரித்தார். மருந்துக்காரர் சிரிக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை யாரும் சொல்லாத உருப்படியான பேச்சு அது என்று அவருக்குப் பட்டது. போகும்போது அதே நர்ஸ், நிறையத் தண்ணீர் குடியுங்கள், ரெண்டு நாளைக்குக் குடித்துக்கொண்டே இருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சொன்னது அவள். துடைக்கிறவள். அவள் பேச்சை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்தவர் தண்ணீரைத் தொடவில்லை. மனைவி சொம்பை நீட்டினால் வாயை மட்டும் நனைத்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது, தலை சுற்றியது. மறுநாள் சிறுநீர் கழிக்கும்போது மிளகாயை அரைத்து ஊற்றியது போல் எரிய, பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். மனைவி கேட்ட கேள்வியில் விஷயம் வெளியே வந்தது. அவள் அவரை மறுபடி கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போனாள்.

ஏன் குடிக்கவில்லை என்று நர்ஸ் கேட்டாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"அடிச்ச மருந்தைத் தண்ணி ஊத்திக் கழுவி விடச் சொல்றீங்களா? உள்ள கிடந்து வேலை செய்ய வேணாமா அது?"

நர்ஸ் சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னொரு நர்ஸிடம் சொன்னாள், அவளும் சிரித்தாள். தள்ளுவண்டிக்காரர் சிரித்தார். மூக்கில் குழாய் வைத்துக்கொண்டிருந்த ஒருவர் இருமி இருமிச் சிரித்தார். அப்புறம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகத்தான் சொன்னாள். மருந்து செய்ய வேண்டியதைச் சீக்கிரம் செய்துவிடும். மிச்சம் மூத்திரப்பையில் தேங்கினால் அதைப் புண்ணாக்கும். அதைத்தான் தண்ணீர் கழுவிக்கொண்டு போகிறது. அவர் கேட்டுக்கொண்டார். ஒரு சொம்பு தண்ணீரை அங்கேயே குடித்தும் காட்டினார். ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் கழுவிக்கொண்டு போகவில்லை. இனி இந்த இடத்தில் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டார்.

முடிவு கட்டிய கையோடு அடுத்தது வந்தது. மருந்து நிரப்பியே வருகிற சின்னச் சின்ன ஊசிகள், ஒரு பெட்டியில். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், தினம் ஒன்று வயிற்றுத் தோலில் போட வேண்டும்.

"இது மஜ்ஜையைத் தட்டி எழுப்பும். அணுக்களை வேகமா பெருக வைக்கும்" என்றாள் நர்ஸ். எலும்பு வலிக்கும், வலித்தால் பயப்பட வேண்டாம், ஊசி வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மருந்துக்காரர் அவளையே பார்த்தார். வேகமாகப் பெருகுவதுதான் வியாதி என்று சொன்னது இவர்கள். அதை அடிக்கிறோம் என்று சொன்னதும் இவர்கள். இப்போது பெருக வைக்கவும் ஊசி தருகிறார்கள். ஒரு வீட்டுக்குக் காலையில் மருந்து அடித்துவிட்டு, சாயங்காலம் அதே மூலையில் சர்க்கரை தூவிவிட்டு வருகிற ஆளைப் பற்றி என்ன நினைப்பது? கேட்டிருக்கலாம். கேட்டால் தள்ளுவண்டிக்காரர் வரைக்கும் சிரிப்பார்கள்.

யார் போடுவீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். மனைவிக்கு ஊசியைப் பார்த்தாலே முழங்கால் மடங்கிவிடும். தினமும் இங்கே வந்துவிடுங்களேன் என்றாள் நர்ஸ். வேண்டாம் என்று கையைக் காட்டினார் அவர். கரப்பானுக்குப் பசை மருந்து வைப்பதே ஊசிக்குழலில்தான். இண்டு இடுக்கு பார்த்து ஒரு கடுகு அளவு வைக்கிற கைக்கு வயிறு ஒரு பெரிய விஷயமா என்றார். நர்ஸுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மனைவிக்கு நிம்மதி வந்துவிட்டது.

காலையில் குளித்த பிறகு அவர் ஊசியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவார். மனைவி வெளியே கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள், கதவுக்கு இந்தப் பக்கமே ஊசி வந்துவிடும் என்பது போல. உள்ளே அவர் மூடியைக் கழற்றி, குழலை அழுத்தி, மருந்து முழுவதையும் ஜன்னல் விளிம்பில் இருந்த பழைய தகரடப்பாவுக்குள் பீய்ச்சுவார். டப்பாவில் ஒரு பஞ்சுத் துண்டு. ஏன் பஞ்சு என்றால், எந்த மருந்தையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பது தொழிலில் அவருடைய முதல் சட்டம். அவரோடு மருந்து அடிக்கப் போகிற மச்சான், மனைவியின் தம்பி, ஒருமுறை மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டியதற்காக ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தவர் அவர். ஏமாற்றினாலும் ஒழுங்காகத்தான் ஏமாற்றினார்.

"போட்டாச்சா?"

"ஆச்சு."

"எலும்பு வலிக்குதா?"

"வலிக்குது, வலிக்குது. முழங்கால்ல."

அதற்குள் முடி கொட்டத் தொடங்கியது. மனைவி தலையணை உறையைப் பார்த்து அழுதாள். அவர் விரலால் கூட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திருப்தியாகப் பார்த்தார். மருந்து அடித்த வீட்டில் மறுநாள் காலையில் தரையில் செத்துக்கிடப்பவற்றைக் காட்டினால்தான் வீட்டுக்காரர் நம்புவார். கண்ணுக்குத் தெரிய ஏதாவது சாக வேண்டும். இதோ செத்திருக்கிறது. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோதும் அவர் முகம் மலர்ந்தது. நல்ல மருந்து என்றார். டாக்டர் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அணுக்கள் ஏற வேண்டிய நேரத்தில் ஏறவில்லை. அடுத்த மருந்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். நாள் தள்ளக் கூடாது என்று சொன்னீர்களே டாக்டர் என்றாள் மனைவி. எனக்கும் ஆசையா, காவலுக்கு ஆள் இல்லாதபோது மறுபடி அடித்தால் ஆளே போய்விடுவார் என்றாள் டாக்டர். ஊசி ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டதற்கு மனைவிதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். ஒரு நாள் தவறியதில்லை, நான்தானே வெளியே காவலுக்கு நிற்கிறேன் என்றாள். வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள். முழங்காலில் வலிக்கிறதாம் என்று அதையும் மனைவியே சொன்னாள்.

"முழங்கால்லயா?" என்று மட்டும் கேட்டாள் நர்ஸ். மற்றவர்கள் இடுப்பு, முதுகு என்றுதான் சொல்வார்கள். அவள் மேலே கேட்பதற்குள் வேறு யாரோ கூப்பிட்டார்கள்.

தள்ளிப் போன மருந்தை ஏற்றி, அடுத்த முறைக்கு இன்னும் கூடுதலாக ஊசிகள் கொடுத்து அனுப்பினார்கள். அவையும் டப்பாவுக்குத்தான் போயின, பஞ்சு சொட்டச் சொட்ட ஊறியது.

காய்ச்சல் ஒரு மத்தியானம் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறேன் என்றார் அவர். மனைவி செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு மச்சானைக் கூப்பிட்டாள். மருந்து அடிக்கிற வண்டியிலேயே, தொட்டிகளுக்கு நடுவில், மருந்துக்காரரை உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள்.

தனி அறை கொடுத்தார்கள். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். வாழ்நாள் முழுக்க இவர் முகமூடி போட்டுக்கொண்டு மற்றவர்கள் வீட்டுக்குள் போனவர். இப்போது இவரைப் பார்க்க மற்றவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். கிருமிக்கான மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் டாக்டர் வந்து, நிறுத்தி, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். இத்தனை ஊசி போட்டும் மஜ்ஜை எழுந்திருக்கவில்லை. அது பலவீனமான மஜ்ஜை போலிருக்கிறது, தாங்காது. அடுத்த தடவையிலிருந்து மருந்தின் அளவைக் குறைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மனைவி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாள் ஏற்கெனவே தள்ளிவிட்டது. இப்போது அளவும். முடிந்துவைத்திருந்த வாக்கியத்தில் மிச்சம் எதுவும் இல்லை.

ஆனால் சத்தம் போட்டது மருந்துக்காரர்தான். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அளவைக் குறைக்கவா? டாக்டர், அது மட்டும் செய்யாதீங்க. மருந்தை நீர்க்க அடிச்சா பூச்சி சாகாது, பழகிக்கும். அதுக்கப்புறம் எதை அடிச்சாலும் நிமிந்து நிக்கும். இதோ நிக்கிறானே என் மச்சான், இவன் தண்ணி கலந்து அடிச்சுக் கெடுத்த வீடுகளை நான்தான் போய்ச் சரி பண்ணினேன்."

கதவருகில் நின்ற மச்சான் முகமூடியை இன்னும் மேலே இழுத்துக்கொண்டான். நீங்கள் சொல்வது சரிதான், அதனால்தான் எனக்கும் வருத்தம் என்றுவிட்டு டாக்டர் போனாள்.

மாற்றுத் துணி எடுக்க மனைவி தம்பியோடு வீட்டுக்கு வந்தாள். குளியலறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கதவு நிலையிலிருந்து சுவரோரமாக ஒரு கோடு. கோடு நகர்ந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் எறும்பைப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்கு வருகிற எறும்புகள்கூட இந்த வீட்டுச் சுவரைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகும் என்று அவர் பெருமையடிப்பார்.

தம்பி எட்டிப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லானான். "அக்கா, மாமா வீட்லயே எறும்பா? இரு, வண்டியிலேருந்து எடுத்துட்டு வரேன், ஒரே அடி."

"நில்லுடா. உங்க மாமா என்ன சொல்வாரு? எறும்பை அடிக்காதே, பின்னாடியே போன்னுதானே. போய்ப் பார்ப்போம்."

எறும்பு காரணமில்லாமல் வராது என்று அவர் ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டிருக்கிறாள். கோடு சுவரில் ஏறியது. குழாயைச் சுற்றியது. ஜன்னல் விளிம்பை அடைந்து தகரடப்பாவுக்குள் இறங்கியது. அவள் டப்பாவை எடுத்தாள். பஞ்சு தெரியவில்லை, அவ்வளவு எறும்பு; மருந்து கெடாமலிருக்க அதில் கலந்திருந்த இனிப்பு அவற்றுக்குப் போதுமாயிருந்தது. டப்பாவுக்குப் பின்னால், ஊசி போட்டு வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த தடிமனான மஞ்சள் பெட்டி. அதற்குள் உபயோகித்த ஊசிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றின் நுனியிலும் ரத்தக்கறை இல்லை.

ஊசியைக் கண்டால் மடங்குகிற முழங்கால் அன்றைக்கு மடங்கவில்லை. மாற்றுத் துணியை மறந்துவிட்டு டப்பாவை ஒரு பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

அறை வாசலில் நர்ஸ் தடுத்தாள். கிருமி புகக் கூடாத அறைக்குள் எறும்பைக் கொண்டு போவதற்கு இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியில் நின்று மனைவி பையை உயர்த்திக் காட்டினாள். கட்டிலிலிருந்து அவர் பார்த்தார். முப்பது வருஷத் தொழில். அத்தனை தூரத்திலிருந்தே எந்த வகை எறும்பு என்று தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டார்.

பையை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள் மனைவி. திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் வெளியில கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். உள்ள நீங்க எறும்புக்கு ஊட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க."

"அது வந்து..."

"டாக்டர் அளவைக் குறைக்கப் போறாங்க. உங்க மஜ்ஜை சரியில்லைன்னு. அது சரியாத்தான் இருக்கு, எனக்கு இப்பத்தான் தெரியுது. சரியில்லாதது வேற."

பெருகுவதுதான் வியாதி என்றார்களே, பெருக வைக்கிற ஊசியை எப்படிப் போட்டுக்கொள்வது என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். நர்ஸ் அப்போதுதான் உள்ளே வந்தாள். அவள் காதில் விழுந்துவிட்டது.

"இதை ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே ஐயா."

"கேட்டா சிரிப்பீங்க."

நர்ஸ் சிரிக்கவில்லை. பிறகு ஏதோ யோசித்துக்கொண்டு, தன் வீட்டில் மருந்து அடித்தபோது ஒரு தடவை போதாது, மறுபடி வர வேண்டும் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டாள். தொழில் பேச்சு என்றதும் அவருக்குக் குரல் திரும்பியது.

"முட்டை. எவ்வளவு அடிச்சாலும் முட்டையை மருந்து தொடாது. கூட்டுக்குள்ள பேசாம கிடக்கும். பெரிசெல்லாம் செத்த பிறகு அது பொரிச்சு வரும். பாழாப்போன முட்டை. அதுக்காகத்தான் நாங்க திரும்பத் திரும்ப வர்றது."

மஜ்ஜையிலும் அப்படி ஒரு கூட்டம் பேசாமல் கிடக்கிறது என்றாள் நர்ஸ். எல்லா ரத்த அணுக்களுக்கும் தாய் அதுதான். அது பெரும்பாலும் தூங்குகிறது, பெருகுவதில்லை. பெருகாததால் மருந்தின் அடி அதன் மேல் விழுவதில்லை, தப்பித்துவிடுகிறது. அடித்து முடித்த பிறகு அதிலிருந்துதான் மறுபடி எல்லாம் பிறக்க வேண்டும். தானாகவும் பிறக்கும், ஆனால் மெதுவாக. அந்த ஊசி அவசரப்படுத்துகிறது, அவ்வளவுதான். உங்கள் கட்டிக்கு அந்த ஊசியின் பேச்சு புரியாது, அது வேறு சாதி அணு.

மருந்துக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் பொழச்சா முட்டையாலதான் பொழைக்கணும்."

"ஆமா ஐயா."

"எத்தனை முட்டையைக் காலால நசுக்கியிருப்பேன்" என்றார். வருத்தமா கணக்கா என்று தெரியவில்லை.

டாக்டரிடம் மனைவிதான் சொன்னாள், எதையும் மறைக்காமல். டாக்டர் முதலில் கோபப்பட்டாள். செத்துப் போயிருப்பீர்கள் என்று சத்தமாகவே சொன்னாள். வேகமாகப் பேசுகிறவள் அன்றைக்கு இன்னும் வேகமாகப் பேசினாள். பிறகு நிறுத்திக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்த்தாள். மஜ்ஜை பலவீனமில்லை, உதவியே இல்லாமல்தான் இவ்வளவு தூரம் தாக்குப்பிடித்திருக்கிறது. அது ஒழுங்காக எழுந்தால் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. எழுகிறதா என்று பார்ப்போம். சொன்னதைச் சொன்னபடி செய்யாதவர்களை வைத்துக்கொண்டு என்னதான் வைத்தியம் பார்ப்பது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாக்கியம் அவருடையது. அவர் போர்வையை மோவாய் வரை இழுத்துக்கொண்டார்.

ஊசியை இனி யார் போடுவது என்ற பேச்சு வந்தபோது அவர் கை நீளவே இல்லை. மனைவி நர்ஸிடம் கற்றுக்கொண்டாள். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு குத்தப் போனவளை, கண்ணைத் திறங்கள் அம்மா, கதவுக்கு வெளியே நின்றபோதும் அதுதான் நீங்கள் செய்த தப்பு என்றாள் நர்ஸ். மனைவி திறந்தாள். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்தாள். குத்தினாள். கடைசிச் சொட்டு வரை அழுத்தி, காலிக் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குத்திய இடத்தை அவர் தேய்க்கப் போனார்; கையில் ஓர் அடி விழுந்தது.

"தேய்க்காதீங்க. மருந்து அப்படியே கிடக்கணும். புரிஞ்சுதா?"

காய்ச்சல் விட்டது. அணுக்கள் மட்டும் அசைவதாக இல்லை. ஒவ்வொரு நாளும் ரத்தம் எடுத்தார்கள், ஒவ்வொரு நாளும் அதே பதில். செத்ததைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை என்றிருந்த மனிதர் இப்போது பிறந்ததற்குச் சாட்சி தேடினார். நர்ஸ் வரும்போதெல்லாம், ஏதாவது பொரித்ததா என்று கேட்டார். மச்சான் ஜன்னலுக்கு வெளியில் வந்து நின்று, வீட்டில் எறும்பை என்ன செய்வது மாமா என்று சைகையில் கேட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்று கையை ஆட்டினார். அந்தக் கை ஆட்டலை மச்சான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான், யாரும் நம்புவதில்லை.

ஒரு காலையில் மனைவி குளித்துவிட்டு வந்தபோது அவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். முகம் கோணியிருந்தது. நர்ஸ் மாற்றுப் பையோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, என்ன பண்ணுது?"

"தெரியல. இடுப்பெலும்பை யாரோ உள்ளேருந்து உடைக்கிற மாதிரி இருக்கு. முதுகுத்தண்டு. இந்தா, இங்க, நெஞ்செலும்புகூட. படுக்க முடியல, உட்கார முடியல."

மனைவி நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் பையைக் கம்பியில் மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"முழங்கால் எப்படி இருக்குங்க ஐயா?"

"முழங்கால்ல ஒண்ணும் இல்ல" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஏம்மா, மனுஷன் இப்படித் துடிக்கிறேன், நீ என்ன சிரிக்கிறே?"

மனைவி சிரிக்கத்தான் சிரித்தாள். கட்டி என்று தெரிந்த நாளுக்கப்புறம் முதல் தடவை, முகமூடிக்குள் மூச்சு முட்டச் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து முகமூடி ஓரம் நனைந்தது. அவர் இடுப்பில் கையை வைத்து மெதுவாக அழுத்திவிட்டாள்.

"பொரியுதுங்க. சத்தம் போடாம படுங்க."